மூடியைக் கவிழ்த்து வைத்த காலை

என் வீட்டுக்காரருக்கு முதல் தொழில் பயப்படுவதுதான். மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பது இரண்டாவது. இருபத்து மூன்று வருடமாக ஒரே கூரையின் கீழ் இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அடுப்பை அணைத்தாயா என்று மூன்று தடவை எழுந்து வந்து கேட்பார். மாடிப்படி இறங்கும்போது நான் கைப்பிடியைப் பிடிக்காவிட்டால் பின்னாலிருந்து குரல் வரும். தெருநாய்கள் இரண்டு சண்டை போட்டால் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். "இந்த மனுஷனை நம்பி வண்டியை விடுறாங்களே, அவங்களைச் சொல்லணும்" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே நான் சொல்வேன். அவர் சிரித்துக்கொண்டு ஸ்பேனரைத் துடைப்பார். கோபமே வராத ஆளைத் திட்டுவதில் சுவாரசியம் கம்மி. ஆனாலும் நான் ஒருநாளும் விட்டதில்லை.

அவருடைய பயங்களிலேயே பெரிய பயம் ஆயில் பயம். எங்கள் கடைக்கு வருகிறவை பெரும்பாலும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள். இந்த எஞ்சினில் ஆயில் தங்குவதற்குத் தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து உள்ளே போய், பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிற இடத்தில் வழுவழுப்பைக் கொடுத்துவிட்டு, புகையாக வெளியே போய்விடும். ஆயில் இல்லாமல் வெறும் பெட்ரோல் போனால் இரும்பும் இரும்பும் உரசிச் சூடேறும். கண் சிமிட்டுகிற நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் அப்படி இறுகினால் பின்சக்கரமும் அதோடு சேர்ந்து நின்றுவிடும். வண்டி வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது சக்கரம் மட்டும் நின்றால் மேலே உட்கார்ந்திருப்பவர் கதி என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை.

லிட்டருக்கு நாற்பது மில்லி விட வேண்டிய இடத்தில் இவர் ஐம்பது விடுவார். அதனால் எங்கள் கடையிலிருந்து கிளம்புகிற வண்டிக்குப் பின்னால் யாரும் வர முடியாது, அவ்வளவு புகை. ஊரில் அவருக்குப் 'புகை மாஸ்டர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அடிக்கடி பிளக்கில் கரி பிடிக்கிறது என்று யாராவது குறைபட்டால் ஒரே பதில்தான் சொல்வார். "கூடுதலா விட்டா பிளக்கைக் கழட்டித் துடைக்கலாம். கம்மியா விட்டா ஆளைத்தான் துடைச்சு எடுக்கணும்."

அது வேடிக்கைக்காகச் சொன்ன பேச்சு இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்துதான் கடை வைத்தார்கள். ஒருநாள் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்த வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனார்கள். கூட்டாளி ஓட்டினார், இவர் பின்னால். வளைவில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இவருக்கு முழங்கை பெயர்ந்தது. கூட்டாளி மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்து போய்ச் சேர்ந்தார். அன்று டேங்கில் ஆயில் விட்டவர் இவர்தான், அளக்காமல், கண்ணளவில். இந்தக் கதையை என்னிடம் அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நான் அதன்பிறகும் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்துகொண்டுதான் இருந்தேன். எனக்கு என்ன தெரியும், விழுந்தது நான் இல்லையே.

கடை எங்கள் வீட்டின் முன்னறை. சமையலறையிலிருந்து நாலு எட்டு வைத்தால் கடைக்குள் இருப்பேன். அதனால் பிளக் துடைப்பது, பாகங்களைக் கழுவுவது, ஆயில் அளந்து விடுவது எல்லாம் என் கை வேலையாகிவிட்டது. கடையில் காற்றடிக்கிற கம்ப்ரஸர் ஓடினால் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. ஒருமுறை நான் விட்டேன் என்று அவரும், அவர் விட்டார் என்று நானும் நினைத்து ஒரு வண்டியை அனுப்பப் பார்த்தோம். நல்லவேளையாக வாசலிலேயே தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். பெட்ரோல் டேங்க் மூடியின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் ஒட்டியிருக்கும். ஆயில் அளப்பது அதில்தான். ஆயில் விட்டாகிவிட்டது என்றால் அந்தக் கிண்ணம் கீழே பார்க்கும்படி மூடியை சீட் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். விடவில்லை என்றால் நிமிர்த்தி வைக்க வேண்டும். கவிழ்ந்த மூடியைப் பார்த்தால் அடுத்தவர் பேசாமல் பெட்ரோலை ஊற்றி மூடிவிடலாம். பத்தொன்பது வருடம் இதில் ஒரு பிசகும் வந்ததில்லை.

எங்களுக்கு ஒரே பெண். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இந்தப் பக்கத்துச் சின்னச் சின்ன மருத்துவமனைகளில் எடுத்து வைத்த ரத்தக் குழாய்களைக் காலையில் சேகரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, மலைச்சாலையைத் தாண்டி ஒன்பதரைக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். அவளுடைய வண்டியும் பழைய டூ ஸ்ட்ரோக்தான். அப்பா பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டியது. வேண்டாம், பஸ்ஸில் போ என்று அவர் கெஞ்சினார். "பஸ் வர்றதுக்குள்ள ரத்தம் தயிராயிடும்பா" என்றாள். அவள் வாய் என் வாய்.

அந்த வாரம் அவள் வண்டிக்கு ரீபோர் செய்யவேண்டி வந்தது. இரண்டு நாள் லீவு போட்டாள். இவர் எஞ்சினைப் பிரித்து, புது பிஸ்டன் போட்டு, டேங்கையும் கழற்றிக் கவிழ்த்துத் துரு போகக் கழுவிக் காயவைத்தார். மூன்றாம் நாள் காலை எல்லாவற்றையும் பூட்டி முடித்தார். புதிதாக ரீபோர் செய்த எஞ்சின் இறுக்கமாக இருக்கும். வழக்கத்தைவிடக் கூடவே ஆயில் வேண்டும். "லிட்டருக்கு அறுபது விடணும்" என்று முந்தின நாளே என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

காலை எட்டு மணி. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அளக்கலாம் என்று மூடியைக் கையில் எடுத்தேன். கிண்ணத்துக்குள் துருத்தூளும் ஒரு செத்த எறும்பும் கிடந்தன. துளிப் பெட்ரோல் விட்டு அதைக் கழுவினேன். ஈரம் வடியட்டும் என்று சீட் மேல் கவிழ்த்து வைத்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளே பால் பொங்குகிற வாசனை வந்தது. ஓடினேன்.

அடுப்பை அணைத்து, மேடையைத் துடைத்து, அவளுக்குச் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வண்டி வாசலில் நின்றது. மூடி டேங்க் மேல் பூட்டியிருந்தது. அவர் வண்டியைக் கட்டிப்பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தார், கலக்கட்டும் என்று. பெட்ரோல் ஊற்றிவிட்டார், அப்படியென்றால் ஆயிலும் அவரே விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். நான் எதையுமே நினைக்கவில்லை. டப்பாவைப் பையில் திணித்தேன்.

அவள் உதைத்தாள். வண்டி கிளம்பியது. புகை வந்தது. பூட்டும்போது பிஸ்டனைச் சுற்றித் தடவியிருந்த ஆயில் எரிந்த புகை அது என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது நாங்கள் இரண்டு பேரும் அந்தப் புகையைப் பார்த்து நிம்மதியாகத் தலையாட்டினோம்.

கால் மணி நேரம் கழித்துப் பால்காரர் தன் வண்டியோடு வந்தார். "அக்கா, டேங்க் பாதிதான் இருக்கு. கொஞ்சம் ஆயில் விடுங்க, அப்படியே பங்க்குக்குப் போயிடுறேன்" என்றார். அலமாரியில் கை விட்டேன். பழைய பாட்டில் முந்தின நாள் மாலையே தீர்ந்து காலியாக நின்றது. பக்கத்தில் புது பாட்டில். அதை எடுத்துத் திருகினேன். டக்கென்று சீல் உடைகிற சத்தம் கேட்டது.

அந்தப் பாட்டிலை அதுவரை யாரும் திறக்கவே இல்லை. கம்ப்ரஸரைப் போய் நிறுத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்க, காலைல பாப்பா வண்டிக்கு எதுலேருந்து ஆயில் விட்டீங்க?"

"நானா? நீதானே விட்டே."

"நான் விடலை."

"மூடி கவிழ்ந்து இருந்துச்சே."

  அவர் என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார், தரையில் கிடந்த சீலைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் வற்றுவதை நான் அன்றுதான் பார்த்தேன். உதடு வரை வெளுத்துவிட்டது.

"கழுவி வச்சேங்க" என்றேன். "எறும்பு கெடந்துச்சு. கழுவிக் காய வச்சேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். மணி அடித்தது, அடித்தது, நின்றது. வண்டி ஓட்டும்போது அவள் போனை எடுக்க மாட்டாள். அது நாங்களே போட்ட சட்டம். மறுபடி கூப்பிட்டார். என்னிடம் போனைத் தள்ளிவிட்டுப் பால்காரரிடம், "வண்டியைக் குடுங்க" என்றார். பால்காரர் என்ன ஏதென்று கேட்கக்கூட இல்லை. கேன்களை இறக்கி வைத்துவிட்டுச் சாவியை நீட்டினார்.

"ஏறு" என்றார் என்னிடம்.

நாற்பதுக்கு மேல் ஓட்டாத மனிதர் அவர். பின்னால் நான் உட்கார்ந்தால் முப்பது. அன்றைக்கு முள் எங்கே நின்றது என்று நான் பார்க்கவில்லை. காற்றில் கண் எரிந்தது. ஒரு கையால் அவர் சட்டையைப் பிடித்திருந்தேன், மறு கையில் போன். மடியில் அந்த ஆயில் பாட்டில். அதை எதற்கு எடுத்துக்கொண்டு வந்தேன் என்று எனக்கே தெரியாது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடு, எடு, எடுடி என்று நான் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு தூரம் தாங்கும்?" என்று அவர் காதில் கத்தினேன்.

"கார்புரேட்டர்ல பழைய கலவை கொஞ்சம் இருக்கும். பிஸ்டன்ல தடவினது இருக்கும். ஏத்தத்துல தாங்கலாம்." 

"இறக்கத்துல?"

அவர் ஆக்சிலேட்டரை முறுக்கினார். எனக்கும் தெரியும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், உள்ளே போகிற பெட்ரோல் குறைந்துவிடும். நல்ல கலவை விட்ட வண்டியே இறக்கத்தில்தான் பிடித்துக்கொள்ளும். கூட்டாளி விழுந்ததும் ஓர் இறக்கத்தின் வளைவில்தான்.

பாலத்தைத் தாண்டினோம். மலைச்சாலை ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் என் கண் முதலில் சாலையோரப் பள்ளத்துக்குப் போயிற்று, பிறகுதான் சாலைக்கு வந்தது. பெற்ற பிள்ளையை எங்கே தேடுகிறேன் பாருங்கள். மூன்றாவது வளைவில் ஒன்றும் இல்லை. நான்காவதில் ஒன்றும் இல்லை. ஐந்தாவதில் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். சாலை முழுக்கச் சிவப்பு.

அவர் பிரேக் பிடித்த விதத்தில் நான் அவர் முதுகில் மோதினேன். நான் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "தக்காளி" என்று அவர் சொல்வது கேட்டது. "தக்காளிடி." ஒரு வேன் கதவு திறந்து கூடைகள் சரிந்து, டயர்களில் நசுங்கிக் கிடந்தன. யாரோ என்னைப் பார்த்து, "பாத்துப் போங்கம்மா, வழுக்கும்" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்திருப்பேன் போல. அந்த ஆள் ஒருமாதிரியாகப் பார்த்தார்.

உச்சியில் ஒரு டீக்கடை. வண்டியை நிறுத்தாமலே கேட்டார். "பின்னால பெட்டி கட்டின வண்டியில ஒரு பொண்ணு?"

"இப்பத்தான் இறங்குச்சு. அஞ்சு நிமிஷம் இருக்கும்."

இறங்கினோம். அவர் இறக்கத்திலும் ஆக்சிலேட்டரை விட்டு விட்டு முறுக்கிக்கொண்டே போனார். நான் சாமிகளை எல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டு, பேரம் பேசவும் ஆரம்பித்திருந்தேன். என் கையை எடுத்துக்கோ, காலை எடுத்துக்கோ. இனிமேல் இவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வளைவு திரும்பியதும் சாலையில் ஒரு கோட்டைப் பார்த்தேன். கறுப்பாக, நேராக, ஒற்றை டயர் அகலத்துக்கு ஒரு கோடு. நின்றுபோன சக்கரம் தார்மேல் இழுத்த கோடு அது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு விளிம்பைப் பார்த்து வளைந்தது. அதற்கப்பால் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்றது. லாரிக்குப் பின்னால் எங்கள் வண்டியின் முன்சக்கரம் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் வண்டி நிற்கும் முன்பே குதித்துவிட்டேன். முட்டி மடங்கி விழுந்து, எழுந்து ஓடினேன். லாரியின் மறுபக்கம், சாலையோரக் கல்லில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் காலடியில். ஒரு பக்கப் பேண்ட் கிழிந்து, முட்டியிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தாள். நான் அவள் தலையை, தோளை, கையைத் தடவினேன். எண்ணிப் பார்ப்பதுபோல் விரல்களைக்கூடத் தொட்டுப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. இந்த லாரிதான் முன்னால ஊர்ந்துக்கிட்டுப் போச்சு. வழி விடாதான்னு திட்டிக்கிட்டே பின்னால இருபதுல வந்தேன். திடீர்னு சக்கரம் நின்னுடுச்சு."

இருபதில் வந்தாள். லாரி வழி விட்டிருந்தால் அறுபதில் போயிருப்பாள். என் பெண் பிழைத்தது எங்கள் சாமர்த்தியத்தால் இல்லை, முன்பின் தெரியாத ஒரு டிரைவர் மெதுவாகப் போனதால். நான் அவர் காலில் விழப் போனேன். அவர் பதறிப்போய் லாரிக்குள் ஏறிக்கொண்டார்.

வண்டிப் பக்கம் போன அவள் அப்பா எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, கையை உதறினார். உதைத்துப் பார்த்தார். கிக்கர் அசையவில்லை.

"என்னப்பா ஆச்சு?" என்று அவள் கேட்டாள். "ரெண்டு நாள் உக்காந்து செஞ்சீங்களே."

நான் அவரைப் பார்த்தேன். சொல்லத்தான் போகிறேன், மூச்சு நிதானத்துக்கு வரட்டும் என்று இருந்தேன். அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"ஆயில் விட மறந்துட்டேன் பாப்பா."

"நீங்களா?"

"ஆமா."

"ஊர்ல எல்லார் வண்டிக்கும் கூடக் கூட விடுவீங்க. எனக்கு மறந்துட்டீங்களா?" பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "செத்துருப்பேன்பா."

"ஆமா" என்றார் மறுபடியும். தலை குனிந்து நின்றார், அவளைவிடச் சின்னப் பிள்ளை மாதிரி. என் மடியிலிருந்து விழுந்த ஆயில் பாட்டில் சாலையோரம் உருண்டு கிடந்தது. நான் அதைப் போய் எடுத்தேன். எடுத்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அவள் அடுத்து வந்த பஸ்ஸில் பெட்டியோடு ஏறிப் போய்விட்டாள். ரத்தம் கெட்டுவிடுமாம்.

அதற்குப்பின் நடந்தது எல்லாம் மெதுவாக நடந்தது. புகை மாஸ்டர் சொந்தப் பெண் வண்டிக்கே ஆயில் விட மறந்துவிட்டாராம் என்று கடைவீதி முழுக்கப் பேச்சு. "மாஸ்டர், எனக்காவது ஞாபகமா விடுங்க" என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். கேலிகூடச் செய்யாமல் வேறு கடைக்குப் போனவர்களும் இருந்தார்கள். அவற்றை எல்லாம் தாங்கிக்கொள்ளலாம். என் பெண் வண்டியை ஆட்டோவில் ஏற்றி மெயின் ரோட்டுக் கடைக்கு அனுப்பினாள். இனி அப்பா என் வண்டியைத் தொட வேண்டாம் என்றாள். கத்தவில்லை, சண்டை போடவில்லை, சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். அவர் சரி என்று எழுந்து கை கழுவினார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று மறுநாள் மத்தியானம் கடையில் அவரைக் கேட்டேன். ஒரு ஸ்பிரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாக்காம ஊத்தினவன் நான்தானே."

"கவுத்து வச்சது நான்."

"இந்த விஷயத்துல ஒண்ணை நான் ஏற்கெனவே சுமந்துக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னொண்ணு சேந்தா பெருசா கனம் தெரியாது. உனக்குப் பழக்கம் இல்லை, நீ தாங்க மாட்டே." பிறகு, "அவகிட்ட சொல்லாதே" என்றார்.

நான் சொல்லவில்லை. அவர் சொல்லாதே என்றதால் என்று வைத்துக்கொண்டேன். உண்மை அது இல்லை. அன்று மலைச்சாலையில் அவள் அப்பாவைப் பார்த்தாளே ஒரு பார்வை, அது என் பக்கம் திரும்புமோ என்று பயந்தேன். ஊரெல்லாம் வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள், ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் பதினோரு வாரம் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

மெயின் ரோட்டுக் கடைக்காரர் அளப்பதில்லை. பாட்டிலைச் சாய்த்து, வாயால் ஏதோ பேசிக்கொண்டே, போதும் என்று தோன்றும்போது நிமிர்த்துவார். நானே பார்த்தேன். "புகையே வரலை பாத்தியா" என்று பெண் என்னிடம் பெருமையாகச் சொன்னாள். காலையில் அவள் கிளம்பும்போது சத்தம் காய்ந்துபோய்க் கிணுகிணுவென்று கேட்கும். எனக்கே தெரிந்தது என்றால் அவருக்குத் தெரியாதா? ஷட்டர் பக்கத்தில் நின்று, சத்தம் பாலத்தைத் தாண்டித் தேயும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு பத்து நிமிடம் அவர் கையில் எந்த வேலையும் ஓடாது. என் கையிலும்தான்.

ஒருநாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் வண்டியின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். காப்பி நிறத்தில் இருக்க வேண்டிய நுனி வெள்ளை வெளேரென்று இருந்தது. எஞ்சின் காய்ந்து சூடேறுகிறது என்று அர்த்தம். அவர் பிளக்கைத் திரும்பப் பூட்டினார். மறுநாள் காலை, அவள் குளியலறைக்குள் போன சத்தம் கேட்டதும், ஆயிலை அளந்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். சொந்த வீட்டு வாசலில் சொந்த மகள் வண்டியில் திருட்டுத்தனமாக ஆயில் விடுகிறார். அவசரத்தில் பாதி டேங்க் மேல் வழிந்தது.

சோப்பு தீர்ந்துபோய் அவள் வெளியே வந்திருந்தாள். வாசலுக்கு வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"தொடாதீங்கன்னு சொன்னேன்ல?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "இல்லை பாப்பா, பிளக் வெள்ளையா..."

"எதுக்குப்பா? அன்னைக்கு மறந்தது பத்தாதா? இன்னும் எதையாவது பண்ணி என்னைக் கொல்லப் போறீங்களா?"

தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "தப்புதான், தப்புதான்" என்றார். அப்போதுகூட என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் உள்ளே போயிருப்பேனோ என்னவோ.

"அவர் மறக்கலை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"நான் மூடியைக் கழுவிக் கவுத்து வச்சேன். கவுத்து வச்சா ஆயில் விட்டாச்சுன்னு அர்த்தம். அதை நம்பி அப்பா பெட்ரோலை ஊத்தினாரு. பால் பொங்குச்சுன்னு நான் உள்ள ஓடிட்டேன். அன்னைக்கு அங்கேயே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

"விடுடி" என்றார் அவர்.

"நீங்க சும்மா இருங்க" என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. "கொல்லப் பாத்தது நான்தான் பாப்பா. அந்த மனுஷன் பயந்து பயந்துதான் உன்னைக் காப்பாத்தப் பாக்குறாரு."

அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.  கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"பதினோரு வாரம்" என்றாள் கடைசியில். அவ்வளவுதான். பிறகு போய் அப்பாவின் முழங்கையைப் பிடித்தாள், அந்தப் பழைய காயத்துக்கு மேலே. "நீங்களே பாருங்கப்பா. எவ்வளவு வேணுமோ விடுங்க. புகை வந்தா வரட்டும்."

அவர் தலையாட்டினார்.  நான் டேங்க் மேல் வழிந்த ஆயிலைத் துடைக்கலாம் என்று துணியை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன்.

"நீ தொடாதம்மா" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள், சூடான பாத்திரத்துக்குப் பக்கத்திலிருந்து குழந்தையை விலக்குவது போல.

துணியை ஷட்டர் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். இப்போது தினமும் அவர்தான் அளக்கிறார், அவர்தான் ஊற்றுகிறார், அவர்தான் ஆட்டுகிறார். மற்றவர்கள் வண்டிக்கு நான் ஆயில் விடலாம், அவள் வண்டிக்குக் கூடாது. வண்டி புகை விட்டுக்கொண்டு தெருமுனை திரும்பியதும் அவர் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கிறார். நான் சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு, சத்தம் பாலத்தைத் தாண்டும்வரை நிற்கிறேன். அவள் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் பண்ணுவது அப்பாவுக்கு. "சேந்துட்டாளாம்" என்று அவர் முன்னறையிலிருந்து குரல் கொடுத்த பிறகுதான் அடுப்பை மறுபடி பற்றவைக்கிறேன்.